மூன்று ஒன்றுகளும் ஒரு ஐஸ் பையும்

ஷ்ஷ்... செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வாருங்கள். இது 1988 அக்டோபர் 15, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியம். வெளியே பேஸ்பால் வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம். நாம் நுழைவதோ வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள்!

அதோ, டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்சன். ஒரு காலில் தொடைத்தசை போச்சு, இன்னொன்றில் முட்டி போச்சு. காலில் ஐஸ், எதிரே டிவி. கிப்சன் இன்று இறங்க மாட்டார் என்கிறார் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி. வந்ததே ரோஷம்! பந்துகளை எடுத்துவைக்க ஒருவரைக் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் வலைக்கூண்டில் அடித்துப் பார்க்கிறார். மேனேஜர் டாமி லசோர்டாவுக்குச் சேதி பறக்கிறது.

லசோர்டா லேசுப்பட்டவரா? அடுத்து ஆட வருபவர் நிற்கும் வட்டத்தில் டேவ் ஆண்டர்சனை நிறுத்தி எதிரணி ஓக்லாந்துக்குப் போக்குக் காட்டுகிறார். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஓக்லாந்து 4-3 முன்னிலை. அப்போதுதான் நொண்டிக்கொண்டே வருகிறார் நம்மாள். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் இடக்கை ஆட்டக்காரருக்கு ஓக்லாந்து பந்துவீச்சாளர் டெனிஸ் எக்கர்ஸ்லி ஸ்லைடர்தான் வீசுவார் என்று வேவு பார்த்த மெல் டிடியர் முன்பே ஓதிவைத்திருந்தார். வந்தது அதே பந்து. போய் விழுந்தது வலப்பக்க கேலரியில். 5-4!

இனி கணக்கு நோட்டைப் பிரிப்போம். கிப்சன் அந்த சீரிஸில் அப்புறம் மட்டையே பிடிக்கவில்லை. ஆடியது 1, ஹிட் 1, ஹோம் ரன் 1, சராசரி 1.000. எதிரணி வரிசையைப் பாருங்கள், சிரிப்பு வரும். அந்த ஆண்டு 42 ஹோம் ரன் விளாசிய ஹோசே கான்செக்கோ 19 முறை ஆடி ஒரே ஹிட். அது முதல் ஆட்டத்தில் நாலு ரன் தந்த கிராண்ட் ஸ்லாம். மார்க் மெக்வையர் 17 முறை ஆடி ஒரே ஹிட். அதுவும் ஹோம் ரன், ஓக்லாந்து ஜெயித்த ஒரே ஆட்டத்தை முடித்த அடி. ஹோம் ரன் கட்டத்தில் மூவருக்கும் '1'தான். கோப்பை டாட்ஜர்ஸுக்கு.

வேர்ல்டு சீரிஸ் உள்ளிட்ட பிளே-ஆஃப் ஹோம் ரன்களுக்கு எப்போதுமே தனி நோட்டு. சீசன் மொத்தத்தில் சேர்க்க மாட்டார்கள். அதில் உச்சியில் இருப்பவர் மேனி ராமிரெஸ், 29. மிக்கி மேன்டிலின் 18-ஐக் குறைவென்று நினைத்துவிடாதீர்கள். அவர் காலத்தில் அரையிறுதி, காலிறுதி எதுவும் கிடையாது. அத்தனையும் வேர்ல்டு சீரிஸில் அடித்தவை, இன்றுவரை சாதனை. ராண்டி அரோசரேனாவோ 2020-ல் ஒரே பிளே-ஆஃபில் 10!

போகும்முன் ஒரு கொசுறு. 2024, அதே மைதானம், அதே முதல் ஆட்டம். கணுக்கால் சுளுக்கோடு ஆடிய ஃப்ரெடி ஃப்ரீமேன் பத்தாவது இன்னிங்ஸில் அடித்தார் ஓர் அடி. அவர் கணக்கில் இன்னொரு '1' ஏறியது. வேர்ல்டு சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அதுதான்.