அணைத்தாலும் குறையும் பேட்டரி

கரண்ட் போனால் கை தேடுவது டார்ச்சைத்தான். சில நேரம் அழுத்தினாலும் அது எரியாது. அணைத்து வைத்ததுதானே, ஏன் எரியவில்லை?

மெல்ல அழுத்தும் பொத்தான் உள்ள பல கருவிகளில், அந்த அழுத்தத்துக்காகக் காத்திருக்கும் சிறு மின்சுற்று எப்போதும் விழித்தே இருக்கிறது. மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் என்றாலும், இரவும் பகலும் மின்சாரத்தை எடுக்கிறது. தள்ளி இயக்கும் பழைய சுவிட்ச் இணைப்பையே துண்டித்துவிடும். அந்த வகையில் அது மேல். ஆனாலும் செல்லுக்குள் வேதிவினை ஓய்வதில்லை. வெப்பம் ஏறினால் அதுவும் வேகமெடுக்கும். நாள்பட எடுக்காத டார்ச், ரேடியோவிலிருந்து செல்களைக் கழற்றி நிழலான இடத்தில் வையுங்கள். தீர்ந்த செல் கசிந்தால் உள்ளிருக்கும் தகட்டையும் அரித்துவிடும்.