உங்களுக்குத் தெரியுமா? நாயின் கழுத்தில் கட்டும் தோல் பெல்ட்டுக்கும் பராமரிப்பு உண்டு

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் காவாந்தண்டலம் போன்ற நம் ஊர் வீடுகளில் ஆணியில் மாட்டிய தோல் பெல்ட் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். கெட்டுப்போனது என்று தூக்கி எறிய வேண்டாம். வாசலுக்குக் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். பெரும்பாலும் தேறிவிடும்.

எகிப்தில் மைஹெர்ப்ரி என்ற பிரபுவின் கல்லறை 1899இல் திறக்கப்பட்டபோது, நாய்களுக்கான இரண்டு தோல் கழுத்துப்பட்டைகள் கிடைத்தன. ஒன்றில் நாயின் பெயரே எழுதியிருந்தது. வயது ஏறக்குறைய 3,400 ஆண்டுகள்! பாலைவனத்தின் வறண்ட காற்றுதான் அவற்றைக் காத்தது. நம் ஊர் ஈரத்தில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அதற்கு முதலில் பெல்ட் எந்த வகைத் தோல் என்று தெரிய வேண்டும்.

தரிசு நிலத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டையில்தான் ஒரு காலத்தில் சென்னை மாகாணமே தோல் பதனிட்டது. பின்னர் வாட்டில் மரப்பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. குரோமிய உப்பில் பதனிடும் முறையும் வந்தது. 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் இன்றும் குரோம்பேட்டை இருக்கிறது. உங்கள் பெல்ட் எந்த வகை? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். சாயம் ஏற்றாத ஓரம் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம் தோல்.

இதைத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். பட்டைத் தோலோ நனைந்த நிலையில் 70 முதல் 85 டிகிரி செல்சியசுக்குள் சுருங்கிவிடும். ஆகவே பட்டைத் தோலுக்கு வெந்நீர் கூடவே கூடாது.

துணி சோப்பும் வேண்டாம். தோலுக்கு இயல்பிலேயே லேசான புளிப்புத் தன்மை உண்டு. துணி சோப்பு காரம். தோலில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையை அது இழுத்துவிட, பெல்ட் விறைத்து வெடிக்கும். பிழிந்த ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்தாலே போதும். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள்.

இரும்புக் கொக்கியைச் சுற்றிப் படரும் கறுப்பு, அழுக்கு அல்ல. பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்த மை அது! காளஹஸ்தி கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாவதும் இதே வேதியியல்தான். தேய்த்தாலும் போகாது. பித்தளைக் கொக்கிக்கு மாற்றிவிடுவதே நல்லது.

பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறுகிறதா? தோலில் தடவிய எண்ணெய்தான் பித்தளையில் உள்ள செம்போடு வினைபுரிகிறது. புளி போட்டுத் தேய்த்தால் தோலில் கறை விழும். ஈர்க்குச்சியில் துணி சுற்றித் துடைத்து எடுங்கள்.

எண்ணெய் என்றால் விளக்கெண்ணெய். எளிதில் உலர்ந்து பிசினாகாத எண்ணெய் அது. ஆனால் விரல் நுனியில் தொட்டு, பூசியது தெரியாத அளவுக்குத்தான் தடவ வேண்டும். ஊறவைத்தால் தோல் தளர்ந்து, கொக்கித் துளைகள் இழுபட்டுப் பெரிதாகும்; நாய் ஒரே இழுப்பில் சாலைக்கு ஓடிவிடும். நடைக்குப் பிடிக்கும் வாருக்கும் இதே கணக்குதான். ஷூ பாலிஷ் ஒருபோதும் வேண்டாம், நாய் நக்கும்.

தையல் விட்டிருந்தால் புதிது வாங்காதீர்கள். செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. நனைந்த பெல்ட்டுக்கு அடியில் நாயின் தோல் வெந்து புண்ணாகும். உண்ணிகளும் அங்கேதான் பதுங்கும். வளரும் குட்டியின் கழுத்தில் பழைய பெல்ட் இறுகிக் கிடப்பது பெருங்கொடுமை. இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இன்றிரவு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்தக் கழுத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள்.