பழைய மாடிவீடுகளைப் புதுக்குதல்

நம் வைகை அணை 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. பழையதாயிற்றென்று அதனை எவரும் இடிப்பதில்லை, பழுதுபார்த்துப் பேணுகின்றோம். அக்காலத்து அடுக்குமாடி வீடுகளையோ பாழாக விட்டுப் பின் இடிக்க முற்படுகின்றோம்.

பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில், 1960-களின் தொடக்கத்தில் எழுந்த மூன்று பெருங்கட்டடங்களில் 530 வீடுகள் இருந்தன. சிறு சன்னல்களே உடைய அவற்றை லக்காதோன், வசால் முதலிய கட்டடக் கலைஞர் இடித்திலர். புறச்சுவரை நீக்கிக் கண்ணாடிக் கதவுகளை அமைத்தனர். வெளியே தனித் தூண்கள் நிறுத்தி, 3.8 மீட்டர் அகலத்தில் ஒளிமிகு கூடங்களைச் சேர்த்தனர். புதிய பாரத்தைப் புதிய தூண்களே தாங்குதலின் பழைய கட்டடத்திற்கு ஊறில்லை. குடியிருந்தோரும் வெளியேற நேர்ந்திலது. இப்பணி 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலைப் பரிசைப் பெற்றது.

இடிப்பின் சிதறுவன சுவர்கள் மட்டுமல்ல. அண்டை அயலாரின் நெடுநாட் கேண்மையுமாம். ஆதலின், இடிக்கக் கருதுமுன் தூண்களையும் அடித்தளத்தையும் சோதித்தறிதல் நம் கடமையாகும்.