முட்டாமல் முந்துவது

மோட்டார்ப் பந்தய வீரர் பலர் சிறு வயதிலேயே ஏறி அமர்ந்து பழகும் வண்டி ஒன்று உண்டு; கார்ட் என்பது அதன் பெயர். 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் கருவியின் எஞ்சினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி முதல் கார்ட்டை உருவாக்கினார். அதிர்ச்சி தாங்கும் வில் அதற்கில்லை, கூரை இல்லை, ஓட்டுபவரை இருக்கையோடு பிணைக்கும் வாரும் பெரும்பாலும் இருப்பதில்லை. இது மறதியன்று. கூரையற்ற வண்டி கவிழும்போது அதனோடு கட்டுண்டு கிடப்பதினும் விலகி விழுதல் நலம் என்பதே இதன் நியாயம்.

அங்ஙனமாயின், சிறுவரைக் காப்பது எது? முதலாவது, கவசம். முதிராத கழுத்துக்குப் பெரியவர்களின் கனத்த தலைக்கவசம் சுமையாகும். ஆதலின், சிறுவருக்கென எடை குறைந்த தலைக்கவசத்திற்குத் தரவிதி 2007இல் வகுக்கப்பட்டது. விலா எலும்புகளைக் காக்கும் மேற்சட்டைக்கும் 2018இல் தரவிதி வந்தது.

ஆனால் கவசம் அடியின் கடுமையைக் குறைக்குமேயன்றி, அடி விழாமல் தடுக்காது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஒரு வண்டியின் சக்கரம் மற்றொன்றின் சக்கரத்தின்மேல் ஏறினால் வண்டியே மேலெழும்பிவிடும். இவ்வளவு ஆபத்து இருந்தும், முன் செல்பவரை இடித்து ஒதுக்கி முந்தும் வழக்கம் வளர்ந்தது. வண்டியின் முன்னால் காப்புக்காக வைத்த பிளாஸ்டிக் முகப்பே இடிப்பதற்குக் கருவியாயிற்று!

2015இல் சர்வதேசக் கார்ட் பந்தய ஆணையம் இதற்கு எளிய மருந்து ஒன்று கண்டது. முகப்பை இறுக்கிப் பூட்டாமல், பலமாக இடித்தால் இடம் பெயர்ந்துவிடும் கொக்கிகளால் பொருத்தச் செய்தது. பந்தய முடிவில் முகப்பு இடம் பெயர்ந்திருந்தால், ஓட்டுநரின் நேரத்தோடு சில வினாடிகள் தண்டனையாகக் கூட்டப்படும். இடித்துப் பெற்ற முன்னிடம் அந்த வினாடிகளில் பறிபோகும். பின்னால் வந்தவர் தள்ளியதால் முன்னவரை முட்டியவருக்கும் தண்டனை கிடைக்கிறதே என்ற குறை எழுந்தது. அக்குறையில் உண்மையும் உண்டு. எனினும், போதிய இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்ற பாடத்தை அவ்விதி ஒவ்வொருவருக்கும் புகட்டியது.

இதிலிருந்து நான் உணர்வது ஒன்று. அறிவுரையும் கவசமும் தேவைதாம். அவற்றோடு, தவறு செய்பவன் அதனால் ஆதாயம் அடையாதவாறு விதியும் அமைய வேண்டும். முட்டாமல் முந்துபவனே வெல்வான் என்ற நிலை வந்தால், இளைஞர் தாமாகவே திறமையை நாடுவர். விளையாட்டில் மட்டுமா? நாம் நாள்தோறும் நடக்கும் சாலைக்கும் இது பொருந்துமன்றோ!