கையால் ஓட்டினால் ஓடுகிறதே!

மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைதான் காபிச் செடியைப் பூக்க வைக்கும். அது என்றைக்கு, எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்கு வரவு செலவு போல முக்கியமான கணக்கு. ஆனால் அந்த மழை இடியும் காற்றுமாக வரும். சில்வர் ஓக் கிளை ஒடிந்து மின்கம்பியில் விழும், கரண்ட் போய்விடும். கணக்கு எடுக்க வேண்டிய நேரத்தில்தான் கணினி அணைந்து எழுகிறது.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அந்தக் கணினிகளைப் பார்ப்பது என் தொழில். ஒரு தோட்டத்தில் மழைமானியோடு ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பெட்டியை இணைத்திருக்கிறோம். அதில் லினக்ஸ். மழையை எண்ணும் நிரல் திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும். கரண்ட் வந்ததும் போன் வரும்: "அண்ணே, பெட்டி ஆன்ல இருக்கு, கணக்கு வரல. கையால ஓட்டினா ஓடுது!"

துப்பு அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. கையால் ஓட்டும்போது நெட் வந்திருக்கும், கடிகாரம் சரியாக இருக்கும், லாகின் செய்த ஆளின் அனுமதிகளும் இருக்கும். கணினி எழும் நொடியில் இவற்றில் எதுவும் உறுதியில்லை.

பழைய லினக்ஸில் தொடக்க ஸ்கிரிப்டுகள் வரிசையாக ஒவ்வொன்றாக ஓடின. லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் கொண்டுவந்த சிஸ்டம்டி, பல வேலைகளை ஒரே சமயத்தில் தொடங்கும். 2015இல் டெபியன் லினக்ஸின் 8ஆம் பதிப்பு அதற்கு மாறியது. வேகம் கூடியது. ஆனால் எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

நான் முதலில் கேட்பது ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை என்ன காட்டுகிறது என்பதை. ‘டிஸேபிள்டு’ என்று காட்டினால், பெட்டி எழும்போது ஓட்டச் சொல்லி யாரும் பதிவு செய்யவில்லை என்று பொருள். ‘203’ என்ற எண் வந்தால் கோப்பின் பாதை தவறு, அல்லது ஓட்டும் அனுமதி இல்லை, அல்லது விண்டோஸில் திருத்தியதால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கிறது. மற்றதை ‘ஜர்னல்சிடிஎல்’ பதிவேடு சொல்லும்.

மலையில் பெட்டி எழுந்த பிறகுதான் மோடத்துக்கு சிக்னல் கிடைக்கும். பலர் ‘ஸ்லீப் 60’ என்று எழுதி ஒரு நிமிடம் காக்க வைக்கிறார்கள். சில நாளில் அது போதாது. நிரல் தோற்றால் அரை நிமிடம் விட்டு மீண்டும் தொடங்கச் சொல்வதே மேல். அந்த இடைவெளி கொடுக்காவிட்டால், 10 நொடிக்குள் 5 முறை முயன்றதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

பிழையே காட்டாத கோளாறுதான் மோசம். பழைய ராஸ்பெரி பை மாடல்களில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். நம் நாட்டில் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. இரவில் போன கரண்ட் விடியலில் வந்து, நெட் இன்னும் வராவிட்டால், காலை 9 மணிக்குப் பெய்த மழை முந்தைய நாள் கணக்கில் ஏறிவிடும். நிரலின் ஸ்டேட்டஸ் ‘ஆக்டிவ்’ என்று பச்சையாகத்தான் நிற்கும். நெட் வந்து நேரம் சரியாகும்வரை நிரலைக் காக்க வைத்தால், ஏற்காட்டில் அதற்குள் மழையே நின்றுவிடும். நாணய பேட்டரி போட்ட கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே சரி.

எல்லாம் முடிந்ததும் பெட்டியை முறைப்படி ஷட்டவுன் செய்து, மோடத்தையும் சேர்த்து மெயினில் அணையுங்கள். திரும்பப் போட்டுவிட்டு, கீபோர்டைத் தொடாமல், ஒரு குவளைத் தண்ணீரை மழைமானியில் ஊற்றிப் பாருங்கள்.