58 வயதில் ஒரு தொடக்கம்

புதுக் கடையோ தொழிலோ, "ஆடி கழியட்டும், ஆவணியில் பார்க்கலாம்" என்று நாள் குறித்துச் சொல்வது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. அந்தப் பெரியவரே ஒன்றைத் தொடங்க விரும்பினால்?

அங்கயற்கண்ணி ஆளும் மதுரையில், 1976ஆம் ஆண்டு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார் கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி. வயது 58. இளமையிலேயே மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஆயிரக்கணக்கானோருக்குக் கண்புரை நீக்கியவர் அவர். நாமாயிருந்தால் காசி, இராமேசுவரம் என்று புறப்பட்டிருப்போம். அவரோ அதே ஆண்டில், தாம் போற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரால், 11 படுக்கைகளுடன் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். முதலுக்கு வீடு அடமானமாயிற்று. உடன்பிறந்தோர் தோள் கொடுத்தனர். இயன்றவரிடம் கட்டணம், இயலாதவருக்கு இலவசம் என்பதே ஏற்பாடு.

அது திடீரென உதித்த எண்ணமன்று. பணியிலிருந்தபோதே சிற்றூர்தோறும் கண் முகாம் நடத்தி, பார்வையிழந்த முதியோர் மருத்துவமனைக்கு வராமைக்கான காரணத்தை அறிந்திருந்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டுமுன் கனிந்திருக்க வேண்டிய வேளை அதுதான் போலும்.

2006 ஜூலை 7ஆம் நாள் அவர் மறைந்தார். முகாம்களிலிருந்து பேருந்தில் வரும் முதியோர் இன்றும் மதுரை அண்ணா நகரில் வந்து இறங்குகின்றனர்.