100 ரிங்கிட் அபராதம்: இணையப் பகடிவதையும் மக்கள் கருத்தாடலும்

மலேசியாவில் இணையக் குற்றங்களை அரசு கையாளும் முறை குறித்துச் சமூக ஊடகங்களில் நிகழ்ந்த கருத்தாடல்களுள், 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எழுந்தது தனித்து நோக்கத்தக்கது. டிக்டாக்கில் இழிமொழிகளுக்கு ஆளான இந்தியப் பெண் ஒருவர், காவல் துறையில் புகார் அளித்த மறுநாளே உயிர்நீத்தார். அவரை இழித்துரைத்த குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. ஓர் உயிரின் மதிப்பு இவ்வளவுதானா என்னும் சீற்றம் எங்கும் பரவியது.

சீற்றம் இயல்பே, எனினும் அதன் இலக்கு ஆராய்தற்குரியது. 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அப்பிரிவு அனுமதிக்கும் உச்ச அபராதமே 100 ரிங்கிட்தான். அச்சட்டம் இணையம் அறியாக் காலத்தது. ஆகவே, நீதிமன்றம் அபராதத்தைக் குறைத்தது எனக் கருதுவது பொருந்தாது. எச்சட்டத்தின்கீழ்க் குற்றம் சாட்டுவது, பகடிவதைக்கெனத் தனிச் சட்டப்பிரிவு ஏன் இல்லை என்பனவே உரிய வினாக்களாகும்.

இவ்வினாக்களும் மக்களிடையே எழுந்தன, பயனும் விளைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மக்களவை குற்றவியல் சட்டத் திருத்தத்தை ஏற்றது. 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்த புதிய பிரிவுகள், துன்புறுத்தும் சொல்லையும் குற்றமாக்கின. ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் அவை வழிசெய்கின்றன.

ஊடக மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். சினம் வினாவாக உருப்பெற்றபோது சட்டம் மாறியது. அதே சினம் வசையாக மாறின், அப்புதிய சட்டத்தின்முன் வசைபாடுவோரும் குற்றவாளிகளாக நிற்க நேரும்.